இரண்டு விரல் அகல மலை

லாத்தா,

நேற்று மத்தியானம் உன் மூத்த மகள் வந்திருந்தாள். இராமநாதபுரத்தில் ஒரு பஸ், காரைக்குடியில் ஒரு பஸ், திருப்பத்தூரில் ஒரு பஸ் என்று மாறி மாறி ஏறி, முகமெல்லாம் புழுதியோடு வந்து சேர்ந்தாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒரு பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். "மவுத்தாகுறதுக்கு ரெண்டு நாள் முந்தி உம்மா சொன்னாங்க சாச்சி. இத உங்க கையிலதான் குடுக்கணுமாம்" என்றாள். மேலே சுற்றியிருந்தது பழைய வேட்டித் துணி. உள்ளே பச்சைச் சாட்டின். பிரிக்கும்போதே பாச்சை உருண்டை வாசம் அடித்தது. அதற்கு அடியில், என் மூக்கு பொய் சொல்லவில்லையென்றால், லேசாகப் பெட்ரோல் வாசம். மடிப்பு முழுவதையும் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. அது உன் வீட்டுக் காரின் திரை. பதினாறு வருஷத்துக்கு முன்னால் நீயும் நானும் மலை பார்க்கப் போன அன்று என் பக்கத்தில் தொங்கிய திரை.

வேறு ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். "தங்கச்சிக்குத் தெரியும்னு மட்டும் சொன்னாங்க" என்றாள் உன் மகள்.

எனக்குத் தெரியுமாம். நல்லாயிருக்கிறது லாத்தா உன் நியாயம். உன் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வருமா என்று பதினாறு வருஷம் காத்துக் கிடந்தேன். நீ போகிற போக்கில் ஒரு துணியை அனுப்பி, எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். நீ மண்ணுக்குள் போய் நாற்பது நாள் ஆகிறது. இனி உன்னிடம் சண்டை போட எனக்குக் காகிதம்தான் மிச்சம்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் சொல்கிறேன், இங்கே யாரிடம் சொன்னாலும் விளங்குவதில்லை. கீழக்கரையில் கலியாணமானால் பெண் படியிறங்குவது கிடையாது. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். அவள் பிறந்த வீட்டிலேயே அவளுக்கென்று ஓர் அறை இருக்கும். வீடு உம்மாவிடமிருந்து மகளுக்கு வரும், அவளிடமிருந்து அவள் மகளுக்குப் போகும். ஆண்கள் கொழும்புக்கும் பினாங்குக்கும் போவார்கள், வருவார்கள். வீட்டில் நிலையாக இருப்பது பெண்கள். இதை இங்கே சொன்னால் என் நாத்தனார்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். மாப்பிள்ளை குடிவருவாரா என்று கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறார்கள். முதல் வருஷம் நானும் கூடவே சிரித்து வைத்தேன்.

உம்மா மவுத்தானபோது எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பதினெட்டு. படுத்த படுக்கையில் கிடந்தபடியே உம்மா கையை நீட்டிக் காட்டிச் சொன்னது உன் காதிலும் விழுந்தது. கீழே கூடமும் கிழக்கு அறையும் மூத்தவளுக்கு. மேலே மெத்தை இளையவளுக்கு. மெத்தை என்றால் ஒரே ஒரு மாடி அறைதான். ஆனால் தெற்கு ஜன்னலைத் திறந்தால் கடல். பாய்மரம் விரித்துத் தோணி போவது தெரியும். காற்று அடித்தால் நாக்கில் உப்புக் கரிக்கும். அந்த ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து வைத்தே நான் வளர்ந்தேன். எனக்குக் கலியாணமானாலும், பிள்ளை பெற்றாலும், மவுத்தானாலும் அந்த அறையில்தான் என்று நினைத்திருந்தேன். ஆசை என்றுகூட அதைச் சொல்ல முடியாது. சோறு தின்பது போல, அது நடக்கிற காரியம் என்று இருந்தேன்.

உம்மாவுக்குப் பிறகு எனக்கு எல்லாம் நீதான். தலை வாரிவிட்டாய். ஓதக் கொண்டுபோய்விட்டாய். நான் பெரியவளானபோது பயந்து அழுதவளை மடியில் போட்டுக்கொண்டாய். மீன் முள் தொண்டையில் சிக்கினால் வெறும் சோற்றை உருட்டி உருட்டி ஊட்டினாய். இதையெல்லாம் நான் மறந்துவிட்டுத் திட்டுகிறேன் என்று நினைக்காதே. மறக்க முடிந்திருந்தால் எனக்கு இந்த வயிற்றெரிச்சலே இருந்திருக்காது. வேறு யாராவது செய்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

மலைப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்தது மச்சான். உன் மாப்பிள்ளை கொழும்பில் கடை வைத்திருந்த காலத்தில் ஒரு காலண்டர் கொண்டுவந்தார். பச்சைப் பசேல் என்று மலை, அதில் வளைந்து வளைந்து ஒரு சாலை. நம் ஊரில் உயரமாக எதைப் பார்த்தோம்? பனை மரத்தையும் பள்ளிவாசல் மினாராவையும் விட்டால் கடற்கரை மணல்மேடுதான். மலையும் மணல்மேடு மாதிரிதான் இருக்குமா, ஏறினால் கால் புதையுமா என்று உன்னைக் கேட்டேன். நீ சிரித்த சிரிப்பில் அடுப்பிலிருந்த பால் பொங்கி வழிந்தது. பிறகு கொழும்புக்குப் போக வரப் பாஸ்போர்ட்டு, விசா என்று கெடுபிடி வந்ததும் மச்சான் கடையை விட்டுவிட்டு ஊரோடு வந்தார். பழைய கறுப்புக் கார் ஒன்றும் அவரோடு வந்து சேர்ந்தது. அதற்குத் திரை தைத்தவள் நீ. பெண்கள் ஏறுகிற வண்டியாயிற்றே. பச்சைச் சாட்டின் வாங்கி, மேலும் கீழும் கம்பி கோத்து, வெளியிலிருந்து ஈகூட எட்டிப் பார்க்க முடியாதபடி தைத்தாய்.

ஒரு நாள் நான் மெத்தையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது நீ மேலே வந்தாய். உன் சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தபோது பிரான்மலை தர்காவுக்கு நேர்ந்துகொண்டாயாம், வியாழக்கிழமை போகிறோமாம். "நீயும் வா புள்ள. மலை பாக்கணும் மலை பாக்கணும்னு உசுர வாங்குவியே" என்றாய். நான் உன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். நீ என் முதுகைத் தட்டிக் கொடுத்தாய். தட்டிய கை கொஞ்சம் அவசரமாக விலகியதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு எனக்கு அது எங்கே தெரிந்தது?

வியாழக்கிழமை விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் என்னை உட்கார வைத்து ஜடை பின்னினாய். உன் கலியாண நீலப் பட்டை எடுத்து நீட்டினாய். மலைக்குப் போக எதற்குப் பட்டு என்று கேட்டதற்கு, தர்காவில் அடங்கியிருக்கிற அவுலியாவைப் பார்க்க அழுக்குச் சேலையோடா போவார்கள் என்றாய். உன் சங்கிலியையும் என் கழுத்தில் போட்டாய். நேர்ச்சை சின்னவளுக்கு. அந்தச் சின்னவளையே வீட்டில் விட்டுவிட்டு வந்தாய், கார் குலுக்கினால் அவளுக்கு வாந்தி வரும் என்று. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? எனக்கு எங்கே உறைக்கும். நான்தான் காரில் ஏறுவதற்கு முன்னாலேயே மலையில் ஏறிவிட்டேனே.

முன்னால் டிரைவரும் மச்சானும். பின்னால் நாம் இருவரும், பச்சைத் துணிக்குள். இராமநாதபுரம் வருகிறவரை சத்தங்களை வைத்துத்தான் ஊரைத் தெரிந்துகொண்டேன். மாட்டு வண்டிச் சலங்கை, டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம், குதிரை வண்டிக்காரன் ஒருவன் யாரையோ வைத சத்தம். ஊர் தாண்டியதும் நான் நெளிந்தேன். மலையைப் பார்க்க வந்துவிட்டு மச்சானின் பிடரியைப் பார்த்துக்கொண்டு போகிறேனே என்று முனகினேன். நீ முன்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொண்டையிலிருந்து ஊசியை உருவினாய். நீயே தைத்த ஓரத் தையலில் நாலைந்து கண்ணியைப் பிரித்தாய். இரண்டு விரல் அகலம் இருக்கும். என் தலையைப் பிடித்து அதற்கு நேரே வைத்து, "இங்கன கண்ண வையி" என்றாய்.

தேவிபட்டினத்தில் கடல் வந்தது. நம் கடல் இல்லை, அலையில்லாமல் தட்டில் ஊற்றி வைத்த தண்ணீர் மாதிரி இருந்த வேறு கடல். தண்ணீருக்குள் ஒன்பது கல் தூண், அதைச் சுற்றி இடுப்பளவு நீரில் நிற்கிற ஜனங்கள். பிறகு கடல் விலகிப் போய்விட்டது. நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயில் கரை தெரியாமல் தண்ணீர். அதில் வெள்ளையாக உட்கார்ந்திருந்த அத்தனையும் பறவை என்று நீ சொன்ன பிறகுதான் தெரிந்தது. வரிசையாகக் குனிந்து நாற்று நட்ட பெண்கள் கார் சத்தம் கேட்டு நிமிர்ந்தார்கள். பொட்டல், கருவேலங்காடு, ஆட்டு மந்தை, அப்புறம் காரைக்குடிப் பக்கத்துப் பெரிய பெரிய வீடுகள். குன்றக்குடி வந்ததும் நான் உன் தொடையில் அடித்து, மலை மலை என்று கத்திவிட்டேன். இது குன்று, மலை இன்னும் அங்கன இருக்கு என்று நீ சிரித்தாய். டிரைவரும் சிரித்தான். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை.

திருப்பத்தூர் தாண்டி, சிங்கம்புணரியும் தாண்டிய பிறகு அது வந்தது. முதலில் மேகம் என்றுதான் நினைத்தேன். நீலமாக, அசையாமல் இருந்தது. கார் நெருங்க நெருங்க நீலம் கலைந்து பச்சையானது, பச்சைக்குள் பாறை தெரிந்தது, பாறைமேல் வெயில் விழுந்திருந்தது. சாலை ஓரம் சின்னச் சின்ன ஊர்கள். செம்மண் சுவர், புளியந்தோப்பு, மாந்தோப்பு, பலா தொங்குகிற கொல்லை, வாசலில் உலர்த்திய கடலையைக் கொத்த வந்த மயிலை விரட்டும் ஒரு பெண். இரண்டு விரல் இடைவெளி வழியாகக் காற்று வந்து என் கண்ணில் பட்டது. உப்பே இல்லாத காற்று. அப்படி ஒரு காற்று இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"இங்கனயே இருந்துரலாம் போல இருக்கு லாத்தா" என்றேன்.

நீ என் தாடையைப் பிடித்து உன் பக்கம் திருப்பினாய். "நெசமாவா சொல்ற?"

"நெசமாத்தான்."

நீ என்னை விட்டுவிட்டு உன் பக்கத்துத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாய். அதில் தையல் பிரிக்கவில்லை. பார்ப்பதற்கு அங்கே பச்சைத் துணியைத் தவிர ஒன்றும் இல்லை.

மலையடியில் இறங்கியதும் ஏறலாம் என்று நான் முந்தானையை இழுத்துச் செருகினேன். பெண்கள் ஏற முடியாது, செங்குத்து, ஆண்கள் போய் ஓதிவிட்டு வரட்டும் என்றாய். கலியாணமாகி இங்கே வந்த மாசமே பார்த்தேன் லாத்தா. இடுப்பில் பிள்ளையோடு பெண்கள் ஏறுகிறார்கள். எழுபது வயதுக் கிழவிகள் வெற்றிலை மென்றுகொண்டே ஏறுகிறார்கள். பதினேழு வயசுக்காரியை அடிவாரத்தில் உட்கார வைத்துவிட்டாய். ஏனென்றால் உனக்கு வேலை அடிவாரத்தில்தான் இருந்தது.

மச்சானுக்குத் தெரிந்த புளி வியாபாரி வீடு என்றாய். இளைப்பாறப் போனோம். அந்த வீட்டு அம்மா வாய் நிறையச் சிரித்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார். காரில் வந்து தலை கலைந்துவிட்டதே என்று ஜடையை அவிழ்த்து, தானே சீப்பை எடுத்து வாரினார். வாரி முடிக்கும்போது முடியின் நுனியை என் இடுப்போடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். கிணற்றில் ஒரு குடம் இறைத்துத் தருகிறாயா என்றார். இறைத்தேன். கண் தெரியவில்லை, ஊசியில் நூல் கோத்துக் கொடு என்றார். கோத்தேன். குர்ஆனில் யாசீன் ஓது கேட்போம் என்றார். கண்ணை மூடிக்கொண்டு ஓதினேன். உள்நாட்டு ஜனங்கள் எவ்வளவு உரிமையாகப் பழகுகிறார்கள் என்று நான் பூரித்துப் போயிருந்தேன். கடைசியில் நிலைப்படிக்கு வெளியே யாரோ தண்ணீர் கேட்டார்கள். "நீ கொண்டுபோய் வையி புள்ள" என்று நீ என் கையில் செம்பைக் கொடுத்தாய். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு கதவோரம் வைத்தேன். கறுப்பு வார் கைக்கடிகாரம் கட்டிய ஒரு கை நீண்டு செம்பை எடுத்தது. சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்திருந்தது.

சந்தையில் ஆட்டைத் தடவிப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்கள். ஆட்டுக்காவது கயிறு இருக்கும், அதற்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு தானாக நடந்து போனேன்.

திரும்பும்போது ஒரு பலாப்பழம் கொடுத்துவிட்டார்கள். கார் முழுக்க அதன் வாசம். நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். நீ தலைவலி என்றாய். என் தலையை உன் மடியில் சாய்த்துக்கொண்டு, கண்மேல் முந்தானையைப் போட்டுவிட்டாய். எப்போது தூங்கினேன் என்று தெரியாது. மறுநாள் காலையில் நீ தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாய். பச்சை நூல் தீர்ந்துவிட்டது என்று கறுப்பு நூல் போட்டுத் திரையைத் தைத்துக்கொண்டிருந்தாய். அடுத்த தடவை போகும்போது மறுபடி பிரித்துக்கொள்ளலாம் என்றேன். நீ மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தாய்.

பத்து நாள் கழித்து வாப்பா கூப்பிட்டார். அப்போதே பார்வை மங்கி, நாற்காலியோடு நாற்காலியாகிவிட்டிருந்தார். "அந்த மலையடி ஊரு உனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சாமே. அங்கனயே இருந்துரலாம்னு சொன்னியாம், லாத்தா சொன்னா. வெளியூருக்குப் பொண்ண அனுப்புறது நம்மள்ல இல்லாத வழக்கம்தான். ஆனா புள்ள ஆசப்பட்டா நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்றார்.

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு சீப்பு, குடம், ஊசி, யாசீன், செம்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. நீ நாலடி தள்ளி உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாய். உன்னைப் பார்த்தேன். நீ தலையைத் தூக்கினால் போதும் என்று பார்த்தேன். நீ ஓர் இறாலை உரித்துப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாய். லாத்தா பொய் சொல்கிறாள் என்று வாப்பாவிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உன்னை நான் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் என் கழுத்தை அறுத்தாய். நான் பேசாமல் நின்றேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வாப்பா அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்.

அடுப்படியில் உன்னைப் பிடித்தேன். ஏன் லாத்தா என்று மட்டும்தான் கேட்க முடிந்தது.

"நீதானே புள்ள சொன்ன" என்றாய்.

"நான் மலையச் சொன்னேன்."

நீ கை கழுவினாய். மறுபடி மறுபடி கழுவினாய். பிறகு என்னைப் பார்க்காமல், "எனக்கு ரெண்டும் பொட்டப்புள்ள" என்றாய். அவ்வளவுதான். இரண்டு பெண்ணுக்கு இரண்டு பாகம் வேண்டும், உன் பங்கு ஒன்றுதான், மெத்தை என்னுடையது. உன் வாழ்நாளில் இந்த விஷயத்தில் நீ என்னிடம் சொன்ன உண்மை அந்த மூன்று சொல்.

கலியாணம் முடிந்து அதே காரில்தான் என்னை ஏற்றி அனுப்பினாய். நீ ஏறவில்லை. வாசலில் சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாய். என் பக்கத்துத் திரையில் கறுப்பு நூல் தையல் கெட்டியாக இருந்தது. அதே தேவிபட்டினம், அதே கண்மாய், அதே குன்றக்குடி எல்லாம் வெளியே இருந்திருக்கும். நான் வழி முழுக்கப் பச்சைத் துணியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு ராத்திரி அறையில் பால் கிளாஸை வாங்க ஒரு கை நீண்டது. கறுப்பு வார், வளைந்த சுண்டுவிரல். அப்போதுதான் வாய்விட்டு அழுதேன். அவர் பயந்து போய்த் தன் உம்மாவைக் கூப்பிட ஓடிவிட்டார்.

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுவே எனக்கு இன்னொரு கோபம். குடிகாரனாகவோ அடிக்கிறவனாகவோ இருந்திருந்தால் உன்னை நிம்மதியாக வெறுத்திருப்பேன். புளியும் கடலையும் வாங்கி விற்கிறார், யாரையும் அதட்டிப் பேசத் தெரியாது. எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி காய்ச்சுகிறார், உப்புப் போட மறந்துவிடுகிறார். மாமியாரும் நல்ல மனுஷி. என் பிள்ளைகள் அவர்கள் வழக்கப்படி என்னை அம்மா என்கிறார்கள், உம்மா என்று கூப்பிட ஆளில்லை. மீன் இங்கே வந்து சேரும்போது கண் சிவந்து கிடக்கும். ஆனாலும் வாங்குவேன், கழுவும்போது கொஞ்ச நேரம் கடல் வாசம் கையில் இருக்கும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் உன் மூத்தவள் கலியாணத்துக்கு வந்தேன். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து இறங்கினார். பெட்டி மெத்தைக்குப் போனது. என் ஜன்னலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தாய். எனக்குக் கூடத்தில் பாய் விரித்து, விருந்தாளிக்குப் போடுகிற புது உறைத் தலையணை போட்டாய். என் வீட்டில் எனக்குப் புது உறை. அன்று நீ என் தட்டில் மட்டும் இரண்டு தரம் கறி வைத்தாய். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விட்டாய். யாரும் கூப்பிடவில்லை லாத்தா. நான் அங்கேதான் இருந்தேன்.

அப்புறம் தந்தி. நான் வந்து சேர்ந்தபோது உன்னைக் குளிப்பாட்டி முடித்து வைத்திருந்தார்கள். முகம் சின்னதாகப் போயிருந்தது. மய்யித்தை எடுக்கும் முன்னால், மவுத்தானவர்மேல் மனத்தாங்கல் இருப்பவர்கள் பொருந்திக்கொண்டேன், மன்னித்துவிட்டேன் என்று சொல்லி அனுப்ப வேண்டுமே. வாப்பாவின் தங்கை, நம் மாமி, என் தோளைப் பிடித்தார். "பொருந்திக்கிட்டேன்னு சொல்லு புள்ள. மய்யித்தக் காக்க வைக்கப்படாது" என்றார். கூடம் நிறையப் பெண்கள். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கே தெரிந்திருந்தது என்பது அந்தப் பார்வையில்தான் எனக்குத் தெரிந்தது. பொருந்திக்கிட்டேன் என்றேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் உன் சின்னவள் வந்து, எப்போது புறப்படுகிறேன் என்று பதவிசாகக் கேட்டாள், பஸ்ஸுக்கு ஆள் விட்டு இடம் போட வேண்டுமாம்.

உன்னிடம் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. போன வருஷம் என் மகளைப் பெண் கேட்டு ஒரு வீட்டார் வருவதாக இருந்தார்கள். முந்தின நாளே அவளை உட்கார வைத்து, நாளை உன்னைப் பார்க்க வருகிறார்கள், தலையை அவிழ்த்துப் பார்ப்பார்கள், தண்ணீர் கொண்டுவரச் சொல்வார்கள், எல்லாம் எதற்கு என்று தெரிந்துகொள் என்றேன். அவள் படிக்க வேண்டும் என்றாள். வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவளுடைய அத்தாவுக்கு, அதான் என் வீட்டுக்காரருக்கு, கொஞ்சம் வருத்தம்தான். இருக்கட்டும்.

உன் மகளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து நேற்றுச் சாயங்காலம் திரையை முழுவதும் விரித்துப் பார்த்தேன். ஓரத்தில் கறுப்பு நூலைத் தேடினேன். தையல் இல்லை. யாரோ வெட்டிப் பிரித்திருக்கிறார்கள். நூல் நுனிகள் இன்னும் துணியில் நீட்டிக்கொண்டிருந்தன, கசங்கக்கூட இல்லை. அளந்து பார்த்தேன். இரண்டு விரல் அகலம். எழுந்து உட்கார முடியாமல் கிடந்தவள், எப்படிப் பிரித்தாயோ தெரியாது. உன் மகளுக்கும் தெரிந்திருக்காது.

துணியை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கண்ணை வைத்தேன். மலை தெரிந்தது. தினமும் பார்க்கிற, துணி உலர்த்தும்போதும் பாத்திரம் துலக்கும்போதும் முதுகுக்குப் பின்னால் நிற்கிற அதே மலை. அந்த இடைவெளியில் மட்டும் அது அன்றைக்குப் போலவே நீலமாக இருந்தது. என் ஆயுளில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை லாத்தா. அதையும் நீதான் கொடுத்தாய். கொண்டை ஊசியை உருவியபோது, தங்கச்சி பார்க்கட்டும் என்று பிரித்தாயா, ஊர் அவளுக்குப் பிடித்துப் போகட்டும் என்று பிரித்தாயா? இதைத்தான் உன்னிடம் கேட்க நினைத்தேன். நீ அந்தத் தையலையே பிரித்து அனுப்பியிருக்கிறாய். இதற்குப் பதிலாக வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

கூடத்தில் அத்தனை பேர் முன்னால் நான் சொன்னது செல்லாது. வாப்பா முன்னால் என் வாயிலிருந்து சம்மதத்தை எடுத்த மாதிரியே அதையும் எடுத்தார்கள். இப்போது யாரும் பார்க்கவில்லை, இப்போது சொல்கிறேன். மெத்தையைப் பொருந்திக்கொண்டேன். ஜன்னலை, கடலை, கூடத்துப் பாயை, புது உறைத் தலையணையைப் பொருந்திக்கொண்டேன். உன் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும், இது சத்தியம். ஆனால் லாத்தா, மெத்தையில் துணி மடித்துக்கொண்டிருந்த என்னிடம் அன்றைக்கு நீ வந்து, எனக்கு ரெண்டும் பொட்டப்புள்ள, உன் அறையைக் குடு புள்ள என்று கேட்டிருந்தால், அந்தத் துணியை மடித்து முடிப்பதற்குள் கொடுத்திருப்பேன். நீ கேட்கவில்லை. என்னைக் காரில் ஏற்றினாய்.

அதற்கு மட்டும் சொல்லவில்லை. அந்த ஒரு 'பொருந்திக்கிட்டேன்' இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வாங்கிக்கொள்ளத்தான் நீ இல்லை.